ஸ்டூலின் கால்கள்

சென்னியப்பன் பல வருஷம் கல்யாணப் போட்டோ எடுத்தவர். நாற்பத்தெட்டு வயதில், விளம்பரப் படங்களைக் கணினியில் மெருகேற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள நஸ்ரீனிடம் வந்து சேர்ந்தார். நஸ்ரீன் அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அன்று காலை அவருக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. தனியாகச் செய்த முதல் படம் முடிந்திருந்தது. சந்தைக்குப் புதிதாக வரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மாலைக்குள் படம் அச்சகத்துக்குப் போய்விடும். தீபாவளிக்கு ஊரெல்லாம் அதுதான் தொங்கும்.

“டீச்சர், சீக்கிரம் வாங்க! வந்து பாருங்க!”

நஸ்ரீன் வந்தாள். திரையில் ஸ்டூல் சிம்மாசனம் மாதிரி ஜொலித்தது.

“அழகா இருக்குண்ணா. கால் இவ்வளவு தடியாவா இருந்துச்சு?”

“இல்லீங்க, குச்சியாட்டம் இருந்துச்சு. கம்பெனி முதலாளிதான் போன் பண்ணி, கொஞ்சம் கனமாக் காட்டுங்கன்னாரு. கை வச்சதே தெரியல பாருங்க!”

தெரியவில்லைதான்.

“எல்லாரும் செய்யறதுதானுங்க டீச்சர்? தப்பில்லையே?”

நஸ்ரீன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். படம் எடுப்பதற்காக அனுப்பியிருந்த ஸ்டூல் மூலையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டாள். ஒரு துணியை நீட்டினாள்.

“ஃபேன் தூசியா இருக்கு. ஏறித் துடைங்கண்ணா.”

சென்னியப்பன் கனத்த உடம்புக்காரர். ஒரு காலைத் தூக்கி வைத்தார். ஸ்டூலின் கால்கள் நாலு பக்கமும் விரிந்தன. வெடுக்கென்று இறங்கிவிட்டார்.

“இடுப்பு போயிருங்க டீச்சர்!”

“படத்துல இருக்கிற ஸ்டூலா இருந்தா?”

“யோசிக்காம ஏறியிருப்பேன்.”

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கியது. தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வீடு ஒட்டடை அடிப்பார்கள். அவர் மனைவி பங்கஜமும் அடிப்பாள், எதன் மேலாவது ஏறி நின்று.

சென்னியப்பன் திரையிலிருந்த படத்தை அழித்தார். ஸ்டூலை மூலைக்கே கொண்டுபோகத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

“டீச்சர்! இதுல எடையே இல்லீங்க! ஒரு விரலை நீட்டுங்க!”

ஸ்டூலை, அதன் நடு ஓட்டை வழியே நஸ்ரீனின் ஆள்காட்டி விரலில் மாட்டினார். கேமராவுக்கு ஓடினார். மெல்லிய நாலு காலும் காற்றில் ஆட, நஸ்ரீன் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு படம் விழுந்தது.

தூசியை நீக்கினார், வெளிச்சத்தைக் கூட்டினார். கால்களைத் தொடவில்லை. அனுப்பியதும் முதலாளி அழைத்தார்.

“என்னங்க, காலெல்லாம் குச்சியாட்டந் தெரியுதுங்களே?”

“தெரியட்டுங்க. அதனாலதான் ஒரு விரல்ல தூக்க முடியுது. உக்கார மட்டும்தான், ஏறி நிக்க இல்லைன்னு கீழயே பெருசாப் போட்டரலாங்க.”

மறுமுனையில் முதலாளி பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார்.

“சரி, அச்சுக்கு அனுப்புங்க. பார்க்கலாம்.”

“டீச்சர், ஒத்துக்கிட்டாரு!” கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அறையைச் சுற்றிச்சுற்றி வந்தார். சட்டென்று நின்றார்.

“ஆனா இதுலயும் தூசியை எடுத்தேன், வெளிச்சத்தை மாத்தினேன். அதெல்லாம் செய்யலாம்னா, எங்கதாங்க கையை நிறுத்தறது?”

“வாங்கறவங்க நம்பிக் கால் வைக்கிற இடத்துல,” என்றாள் நஸ்ரீன்.