கௌபாய் விடைபெறும் விதம்

“கடைசியில அவன் ஏன் மேடம் போறான்?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

அவன் என்றால் கௌபாய். ஊரையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, படம் முடிகிற நேரத்தில் குதிரையில் ஏறித் தனியாகப் போய்விடுகிறவன்.

மேடம் என்றால் சகாயமேரி. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து கௌபாய் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர். குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஞானசிகாமணி கல்லூரியில் தமிழ் வாத்தியார். பதினோரு வருஷமாகக் கௌபாய் படங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். தொப்பிக்கு ஒரு இயல், மதுக்கடையின் ஆடுகதவுக்கு ஒரு இயல், நடுத்தெருத் துப்பாக்கிச் சண்டைக்கு மட்டும் இரண்டு இயல். கடைசி இயல்தான் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது.

அன்றைக்குச் செவ்வாய்.

“வேலை முடிஞ்சுது. போறான்,” என்றார் சகாயமேரி.

ஞானசிகாமணிக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் வந்து காலடியில் உட்காராத குறையாகக் கேட்கிறார். இதுவா பதில்?

ஊருக்குச் சட்டம் வந்துவிட்டது, ரயில் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது, இனி துப்பாக்கிக்காரனுக்கு அங்கே என்ன இடம் என்று ஆரம்பித்து ஏழு காரணங்களை அடுக்கினார். நம் ஊர்க் கதாநாயகனோடு ஒப்பிட்டும் காட்டினார். இவன் சண்டை முடிந்து போலீஸ் வந்த பிறகும் நகர்வதில்லை. குடும்பத்தோடு வரிசையாக நின்று சிரித்து, அப்படியே உறைந்துவிடுகிறான். அவன் மட்டும் ஏன் போகிறான்?

ஏழு காரணங்களையும் ஆய்வேட்டில் எழுதியாகிவிட்டது. எட்டாவது ஒன்று இருந்து தொலைத்தால்? அந்தப் பயத்தில்தான் மனிதர் முற்றுப்புள்ளி வைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

சகாயமேரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“நாளைக்கு ஒரு படம் முடியுது. கடைசி வசனத்தை நீங்க எழுதுங்க சார்.”

காட்சி சின்னது. வாசற்படியில் ஒரு விதவை. குதிரைமேல் கௌபாய். ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். குதிரை நகர்கிறது.

இதற்கா யோசனை என்று ஞானசிகாமணி அங்கேயே எழுதிக் கொடுத்தார்: போயிட்டு வரேன்.

அதையே சகாயமேரியிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மைக் முன்னால் நின்றவர் கோதண்டம். இருபது வருஷமாகத் தமிழ் பேசிய கௌபாய்களில் பாதிப் பேருக்கு அவர் குரல்தான். நெற்றி நிறைய விபூதி.

“போயிட்டு வரேன்,” என்றார் கம்பீரமாக. திரையில் கௌபாய் வாயை மூடிய பிறகும் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

“வருவானா சார்?” என்று கேட்டார் சகாயமேரி.

“வரமாட்டான்.”

“அப்ப அந்தப் பொம்பளை கதவைச் சாத்தாம நின்னுக்கிட்டே இருப்பாளே.”

ஞானசிகாமணி தலையைச் சொறிந்தார். நியாயம்தான். அடித்துவிட்டு ‘போறேன்’ என்று எழுதினார். நீளமும் கச்சிதமாக இருந்தது.

கோதண்டம் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அந்த ஒரு படத்திலேயே நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளிய குரல் அது.

“வாசப்படியில ஒரு பொம்பளை நிக்கறா. போறேன்னா சொல்றது? என் வாயால வராது சார்.”

‘கிளம்பறேன்’ என்று எழுதிப் பார்த்தார். “எங்கே?” என்று கேட்கத் தோன்றியது. ‘உத்தரவு வாங்கிக்கறேன்’ என்றதும் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டு முடித்தவன் மாதிரி ஆகிவிட்டான். ‘வணக்கம்’ என்றால் அடுத்து செய்திகள் வாசிப்பான் போலிருந்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. தாளில் வெள்ளை இடமே இல்லை. இத்தனை பெரிய தமிழில் திரும்பி வராதவனுக்கு ஒரு வார்த்தை இல்லையே என்று தமிழ் வாத்தியாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“நீங்க என்ன மேடம் எழுதுவீங்க?”

சகாயமேரி தாளை வாங்கி எல்லாவற்றையும் குறுக்கே அடித்தார்.

“தொப்பி நிழல்ல வாய் சரியாத் தெரியல. விட்டுடலாம்.”

குளம்புச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு, படத்தை ஓட்டினார். கௌபாய் ஒன்றும் சொல்லவில்லை. குதிரை நகர்ந்தது. அந்தப் பெண் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஞானசிகாமணி இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இந்தக் காட்சியை அவர் ஐந்து தடவை பார்த்துக் குறிப்பெடுத்தவர்.

“வெள்ளிக்கிழமை என்ன சார் பண்ணப் போறீங்க?” என்றார் சகாயமேரி.

இன்னும் ஆறு மாசம் அவகாசம் கேட்கலாம் என்றிருப்பதாகவும், அடுத்த வாரம் எட்டாவது காரணத்தைப் பற்றிப் பேச வருவதாகவும் சொன்னார். ஆய்வேடு இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, வழக்கம்போலத் திரும்பினார்.

“சரி மேடம், போயிட்டு…”

கோதண்டம் அவரைப் பார்த்தார். சகாயமேரியும் பார்த்தார். கதவைச் சாத்த வந்து நின்ற சகாயமேரியின் கை கைப்பிடியில் இருந்தது.

ஞானசிகாமணியின் வாய் சற்று நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

வெளியே தூறல். ஆய்வேட்டை பைண்டிங் பண்ணும் கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஏழு காரணம் போதும் என்று பட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

தெருமுனையில்தான் குடை ஞாபகம் வந்தது. நாற்காலியிலேயே மாட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பலாமா என்று ஒரு கணம் நின்றார். மழை வலுத்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒருத்தன்கூடக் குடைக்காகத் திரும்பி வந்ததில்லை.