சீட்டு வந்தால் நிறுத்துகிறவர்

ஒரு நகரத்தில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு இருந்தது. மாலை ஆறு மணிக்குத்தான் அது பிறந்தது. அதற்கு முன்பு ஓர் அழைப்பிதழின் கீழ்ப்பாதியாக இருந்தது. ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்ற வரி இன்னும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நகரத்தில், மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அரங்கு. மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை எழுத்தாளர் ஒருவர் வந்து பேசுவார். மிச்சம் விழும் அழைப்பிதழ்களை இலக்கிய அமைப்பின் செயலாளர் பரசுராமன் வீணாக்க மாட்டார். பாதியாகக் கிழித்து, பின்பக்கம் ‘நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளவும்’ என்று எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் ஒன்று மேடைக்குப் போகும்.

நம் சீட்டைக் கிழித்தது பரசுராமன் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம். ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் காஜா போடுகிறவள். இலக்கியக் கூட்டம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பேப்பரில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் எழுத்தாளர் வைகுந்தனின் பெயரைப் பார்த்துவிட்டு, ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவளுடைய தம்பி ஆரோக்கியம் காணாமல் போய்ப் பதினொரு வருடம். புத்தி கொஞ்சம் பிசகியவன். வலது செருப்பை இடது காலிலும் இடதை வலது காலிலும் போட்டுக்கொள்வான். ஏன்டா என்று கேட்டால், “திரும்பி வர்ற வழி மறக்காம இருக்கத்தான்” என்பான். அவன் போன நாளிலிருந்து அவள் வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டதில்லை.

போன மாதம் கேன்டீனில் கிடந்த வாரப் பத்திரிகையில் ஒரு கதை. அதில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன் வந்தான். அவனும் அதே வார்த்தையைச் சொன்னான். எழுதியவர் வைகுந்தன். பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்தால், “எழுத்தாளர் அட்ரஸ் எல்லாம் குடுக்கறதில்லம்மா” என்று வைத்துவிட்டார்கள்.

கூட்டம் தொடங்கும்போது பரசுராமன் அறிவித்தார்: “எட்டு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணும். கேள்வி இருக்கிறவங்க சீட்டுல எழுதி முன்னாடி அனுப்பிடுங்க.” அந்த நேரத்தில் வைகுந்தன் நெரிசலில் சிக்கிய பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். அறிவிப்பு அவர் காதில் விழவில்லை.

அமலோற்பவம் வாசலில் கொடுத்த அழைப்பிதழைப் பாதியாகக் கிழித்து, பக்கத்து நாற்காலியில் பேனா வாங்கிப் பின்பக்கம் எழுதினாள்: ‘ஐயா, உங்கள் கதையில் செருப்பை மாற்றிப் போட்டு நிற்பவன் என் தம்பி. அவனை எங்கே பார்த்தீர்கள்?’ எழுதி நாலாக மடித்தாள். சீட்டுக்கு மூச்சு முட்டியது. இத்தனூண்டு உடம்பில் இத்தனை பாரமா?

வைகுந்தன் வந்து மேடையேறினார். வரவேற்புரை தன் இளமைக்காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பரசுராமனின் முதல் சீட்டு மேடைக்குப் போனது. வரவேற்றவர் பிரித்துப் படித்தார், சிரித்தார், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் செருகிவிட்டு இன்னும் இருபது நிமிடம் பேசினார். தலைமையுரைக்கு இரண்டாவது சீட்டு போனது. தலைவர் அதால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வைகுந்தன் கூச்சத்தில் நெளிந்தார். நமக்குச் சீட்டு வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும் என்று அவர் முடிவு கட்டியது மைக்குக்கு மட்டும் தெரியும். மேடை மேசையில் அது அவர் மூச்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏழு நாற்பதுக்குத்தான் அவர் முறை வந்தது. பரசுராமன் தேநீர் சொல்லக் கீழே இறங்கினார். அமலோற்பவம் சீட்டை முன்வரிசைக்கு அனுப்பினாள்.

கை மாறிக் கை மாறி வந்த சீட்டைப் பாட்டிலுக்கு அடியில் கிடந்த இரண்டும் பார்த்துவிட்டன.

“அடியே, நீயும் எங்க கூட்டமா?”

“இல்லை. நான் கேள்வி.”

“கேள்வியாம்! அதே மஞ்சள், அதே மடிப்பு. கேள்வின்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?”

“பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

“எங்களையும்தான் பிரிச்சுப் பார்த்தாங்க. பார்த்து என்ன செஞ்சாங்க? ஒருத்தர் சிரிச்சார், ஒருத்தர் கண்ணாடி துடைச்சார்.”

“சும்மா இருங்கடி,” என்றது மைக். “இந்த மனுஷன் வேற மாதிரி. இவர் பிரிக்காமலே நிறுத்திடுவார்.”

சீட்டுக்குத் திக்கென்றது. அப்போது அது முன்வரிசையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கையில் இருந்தது. மேடையில் வைகுந்தன் சொல்லிக்கொண்டிருந்தார்:

“அந்தச் செருப்புக்காரர் கற்பனை இல்லைங்க. நிஜ மனுஷர். அவரை எங்க பார்த்தேன்னு சொல்லிட்டு முடிச்சிடறேன். சொல்லணும்னுதான் வந்தேன்.”

கடைசி வரிசையில் அமலோற்பவம் எழுந்து நின்றேவிட்டாள்.

“பெரியவரே, கொஞ்சம் பொறுங்க,” என்று கெஞ்சியது சீட்டு. “ஒரே நிமிஷம். இப்ப என்னைக் குடுக்காதீங்க. அவரே சொல்லப் போறார்!”

முப்பத்தாறு வருடம் ஒரு கடுதாசியைக்கூடத் தாமதப்படுத்தாத கை அது. நேராக நடந்துபோய் வைகுந்தன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பியது.

வைகுந்தன் மஞ்சள் நிறத்தைப் பார்த்தார். ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்குக் கூடிய உதடு அப்படியே பிரிந்துவிட்டதை மைக் பார்த்தது. அவர் முகம் சுருங்கியது. சீட்டை எடுத்து மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சரி… இதோட முடிச்சுக்கிறேன். எல்லாருக்கும் வணக்கம்.”

கைதட்டினார்கள். தேநீரோடு ஏறி வந்த பரசுராமனுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். “பத்து நிமிஷம் மிச்சம் பண்ணிட்டாரே! பெரிய மனசு.” மிச்சமான பத்து நிமிடத்தையும் நன்றியுரை எடுத்துக்கொண்டது.

சட்டைப் பைக்குள் சீட்டு துடித்தது. “என்னைப் பிரிங்க ஐயா, பிரிங்க!”

அவர் தோளில் கிடந்த பொன்னாடை குனிந்து சொன்னது: “கத்தாதே. மடிச்ச வாய்க்குச் சத்தம் கிடையாது. நானும் மடிப்புலயே கிழடானவள்தான்.”

படிக்கட்டில் ஆட்டோகிராப், செல்ஃபி என்று கூட்டம். அமலோற்பவம் சுவரோடு ஒட்டி நின்றாள். வைகுந்தன் பக்கத்தில் வந்ததும் கேட்டாள்:

“ஐயா, அந்தச் சீட்டு… உங்களுக்குக் கிடைச்சுதுங்களா?”

யாரோ அமைப்பைச் சேர்ந்த அம்மா என்று நினைத்துக்கொண்டார் அவர். கைகூப்பினார்.

“கிடைச்சுதும்மா. அதைப் பார்த்துட்டுத்தானே நிறுத்திட்டேன். அதுக்கு மேல பேசறது மரியாதையா இருக்காதில்லையா?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நல்ல முகம். பொய் சொல்கிற முகம் இல்லை. கெட்ட செய்தியை நாலு பேர் நடுவில் உடைக்க மனசு வராத முகம்.

“சரிங்க ஐயா,” என்றாள். “புரிஞ்சுதுங்க.”

“வர்றேம்மா,” என்று அவர் இறங்கிப் போனார். சீட்டு அவளுக்கு ஒரு முழத் தூரத்தில், மெல்லிய கதர்த் துணிக்குப் பின்னால், அவளைக் கடந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டை சோப்புத் தண்ணீரில் ஊறியது. செவ்வாய்க்கிழமை இஸ்திரிக்கடையிலிருந்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்ட வைகுந்தன் பைக்குள் விரலை விட்டார். கொண்டைக்கடலை அளவுக்கு, கெட்டியாக ஒரு காகித உருண்டை. என்ன இது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே சுண்டி எறிந்தார்.

அவர் பார்த்த இடத்திலேயே ஆரோக்கியம் அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தான், வலது செருப்பு இடது காலில்.

அமலோற்பவம் அன்று வேலைக்குப் போகவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பதினொரு வருடத் துருவில் இறுகிப்போயிருந்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.