பொந்துக்குள் ஒரு பட்டப்படிப்பு

மேற்கு மலைக் காட்டில் சொர்ணம் என்ற இருவாச்சிப் பறவையும் அவள் கணவன் வேலப்பனும் வாழ்ந்து வந்தார்கள். சொர்ணத்துக்குப் படிப்பென்றால் உயிர். அந்தக் காட்டில் விலங்குகளுக்கும் பறவைகளுக்குமாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். சொர்ணம் அதில்தான் சேர்ந்திருந்தாள்.

தத்துவம் நடத்தியவர் காட்டெருது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அரை நாள் அசைபோட்டுக்கொண்டிருப்பார். அரசியலுக்குக் கரிச்சான். காட்டிலுள்ள எல்லாப் பறவைகளின் குரலிலும் அவருக்குப் பேச வரும். பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவர் மலையணில். எது குறைவாக இருக்கிறது, அது யாருக்கு எவ்வளவு தேவை என்பதையே நாள் முழுக்க யோசிப்பவர்.

மூன்றையும் அரைகுறையாகப் படிப்பதற்கு ஒன்றை ஒழுங்காகப் படிக்கலாமே என்று மரங்கொத்தி ஒருநாள் வேலப்பனிடம் கேட்டது. வேலப்பனுக்குப் படிப்பு வாசனையே கிடையாது. "எங்க வீட்டுக்காரி படிக்கிறா. தெரிஞ்சுதான் படிப்பா" என்று மட்டும் சொன்னான்.

படிப்பு பாதி முடிந்திருந்தபோது சொர்ணத்துக்கு முட்டையிடும் காலம் வந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் வேறு மாதிரி. பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டு வைக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைத்து, குஞ்சும் வளரும்வரை அது வெளியே வர முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

"படிப்பை நிறுத்திடறேங்க. இந்தத் தடவை நமக்குக் கொடுத்து வைக்கலை" என்றாள் சொர்ணம்.

வேலப்பன் அவள் பக்கத்துக் கிளைக்கு வந்து உட்கார்ந்தான். பிறகு, "வகுப்புக்கு நான் போறேன். கேட்டதை வந்து உனக்குச் சொல்றேன்" என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, பாடம் தனக்கு விளங்குமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் போனான். விடிந்ததும் பழம் தேடுவான். தொண்டை நிறைய அத்திப் பழங்களை அடக்கிக்கொண்டு வகுப்பில் கடைசிக் கிளையில் உட்காருவான். வாய் திறந்தால் பழம் விழுந்துவிடும் என்பதால் ஒரு சந்தேகம்கூடக் கேட்க முடியாது. பிறகு பொந்துக்குப் பறந்து வந்து, ஒரு பழம் ஊட்டுவான், ஒரு பாடம் சொல்வான். அடுத்த பழம், அடுத்த பாடம்.

"பழம் யாருக்குச் சொந்தம்? மரத்துக்கா, பறிக்கிறவனுக்கா, பசிக்கிறவனுக்கா? இப்படி ஒரு கேள்வி கேட்டாங்க."

"யாரு கேட்டா? காட்டெருதா, அணிலா?"

"அது நினைவில்லைம்மா."

முதலில் சொர்ணத்துக்குக் கோபம்தான் வந்தது. தத்துவத்தையும் பொருளாதாரத்தையும் இவர் இப்படிக் குழப்பி அடிக்கிறாரே என்று முணுமுணுத்தாள். ஆனால் இருட்டில் முட்டையை அணைத்தபடி நாளெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது. எது நியாயம் என்பது ஒரு பாடம். யார் பேச்சு எடுபடும் என்பது இன்னொரு பாடம். இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பழத்தைப் பற்றித்தானே பேசுகின்றன என்று அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேலப்பன் எப்படிச் சொன்னாலும் கேட்டுக்கொண்டாள்.

குஞ்சு பொரித்தது. அந்த வாரத்திலிருந்தே காட்டில் பழம் அருகியது. மழை தவறியதால் அத்தி மரங்கள் காய்க்கவில்லை. ஆற்றோரத்து ஆலமரம் ஒன்று மட்டும் பழுத்து நின்றது. அதைச் சோலைமந்திக் குரங்குகளின் கூட்டம் ஒன்று பிடித்துக்கொண்டது. அவற்றின் தலைவன் பெயர் கட்டையன். எந்தப் பறவை வந்தாலும் அவனும் நான்கு தடியன்களும் கிளையை உலுக்கி விரட்டினார்கள்.

வேலப்பன் மலை தாண்டிப் பறந்தான். வாகை மரச் சரிவில் ஓர் ஆலமரம் காய்த்திருந்தது. ஆனால் எல்லாம் பச்சைக் காய். இருட்டும்வரை அலைந்து ஐந்தாறு காட்டுப் பழங்களோடு திரும்பினான். அத்தனையையும் பொந்துக்குள் ஊட்டிவிட்டு, தான் வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான்.

சொர்ணம் கீறல் வழியாக அவனை உற்றுப் பார்த்தாள். தினமும் தன் வாலடியில் சுரக்கும் மஞ்சள் எண்ணெயை அலகில் பூசிப் பளபளவென்று வைத்துக்கொள்கிறவன் அவன். இப்போது அலகு வெளிறிக் கிடந்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா சாப்பிடலை நீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் வேலப்பன் கரிச்சானிடம் யோசனை கேட்டான். தனியாகப் போனால் தோற்பாய், எல்லாப் பறவைகளையும் சேர்த்துக்கொண்டு போ என்றார் கரிச்சான். வேலப்பன் குக்குறுவான்களையும் புறாக்களையும் மைனாக்களையும் திரட்டினான். கூட்டமாகப் போய் மரத்தின் மேல் விழுந்தார்கள். பெரிய அமளி நடந்தது. இரண்டு புறாக்களுக்குச் சிறகு முறிந்தது. பழுத்ததும் பழுக்காததுமாகக் கூடை கூடையாகக் கீழே கொட்டி, ஆற்றோடு போனது. மரத்தில் முக்கால்வாசிதான் மிஞ்சியது. குரங்குகள் காவலை இரட்டிப்பாக்கின.

வேலப்பன் வெறுந்தொண்டையோடு வந்து நடந்ததைச் சொன்னான். உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது.

சொர்ணம் திட்டவில்லை. "அங்க யாரு முதல்ல சாப்பிடறாங்க?" என்று கேட்டாள்.

"கட்டையனும் அந்தத் தடியன்களும்."

"குட்டி வச்சிருக்கிற தாய்ங்க?"

வேலப்பன் யோசித்தான். "அவங்க கடைசியிலதான். ஒருத்தி குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு வெறும் இலையை மென்னுக்கிட்டு இருந்தா. பேரு குப்பாச்சி."

"கிளை நுனியில இருக்கிற பழம்?"

"அது யாருக்கும் இல்லை. நுனிக்கொம்பு குரங்கோட கனம் தாங்காது. அங்கேயே அழுகிக் கீழே விழுந்துடுது."

"இந்த மரம் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"எட்டு நாள், பத்து நாள்."

"அப்புறம் அவங்க எங்க போவாங்க?"

"அது அவங்களுக்கே தெரியாது. மரத்துக்கு மரம் தாவுறவங்கதானே, மலைக்கு அந்தப் பக்கம் என்ன பழுக்குதுன்னு நம்மளை மாதிரி அவங்களால…" வேலப்பன் பாதியில் நிறுத்தினான். அவனுக்கே விளங்கியது.

சொர்ணம் நிதானமாகச் சொன்னாள். "அவங்களுக்கு எட்டாத பழம் நமக்கு எட்டும். நமக்குத் தெரிஞ்ச வழி அவங்களுக்குத் தெரியாது. மாத்திக்கலாம். ஆனா அதைக் கட்டையன்கிட்ட போய்ச் சொல்லாதீங்க. அவன் ஒத்துக்கிட்டா தோத்த மாதிரி ஆயிடும். குப்பாச்சிகிட்ட சொல்லுங்க. குட்டி வச்சிருக்கிறவங்க முதல்ல சாப்பிடணும்னும் சொல்லுங்க. அது பேரத்துக்காக இல்லை, அதுதான் நியாயம்."

பேரம் பேசி வேலப்பனுக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே பறந்தான். குப்பாச்சி தண்ணீர் குடிக்க ஆற்றங்கரைக்கு இறங்கியபோது எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கடைசியில், தன் மனைவியும் குஞ்சும் பொந்துக்குள் பட்டினி கிடப்பதில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தான்.

குப்பாச்சி குட்டியைத் தடவியபடி கேட்டாள். "நுனிக்கொம்பு பழம் உங்களுக்கு. அடுத்து எந்த மரம் பழுக்குதுன்னு எங்களுக்கு வந்து சொல்லுவீங்க. நம்பலாமா?"

"வாகை மரச் சரிவுல ஒரு ஆலமரம். இன்னிக்குக் காய். எட்டு நாள்ல பழுக்கும். நான் பார்த்துட்டு வந்தேன்" என்றான் வேலப்பன். பதிலுக்கு எந்த உறுதியும் வாங்காமலேயே சொல்லிவிட்டான். பேரம் பேசத் தெரிந்தவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். ஆனால் குப்பாச்சிக்கு அதனால்தான் நம்பிக்கை வந்தது.

அன்று மாலையே அவள் மற்ற தாய்மார்களிடம் பேசினாள். மறுநாள் காலையில் நுனிக்கொம்புக்கு வந்த பறவைகளை விரட்டக் கட்டையன் கிளையை உலுக்க எழுந்தபோது, அந்தக் கிளைகளில் உட்கார்ந்திருந்த தாய்க் குரங்குகள் ஒன்றுகூட நகரவில்லை. தடியன்கள் தங்கள் அம்மாக்களைப் பார்த்தார்கள், தலைவனைப் பார்த்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். கட்டையன் ஒருமுறை உறுமினான். யாரும் எழவில்லை என்று தெரிந்ததும், நுனிக்கொம்பைப் பறவைகளுக்கு விடலாம் என்று தானே நேற்று நினைத்ததாகச் சொன்னான். குப்பாச்சி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, குட்டி வைத்திருந்த மற்ற தாய்களோடு முதல் பழத்தைப் பறித்தாள்.

அன்று வேலப்பன் தொண்டை நிறையப் பழத்தோடு வந்தான். முதல் பழத்தை ஊட்டப் போனபோது சொர்ணம் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் ஒன்று தின்ற பிறகுதான் திறந்தாள்.

இரண்டு மாதம் கழிந்தது. குஞ்சு பெரிதானது, சொர்ணத்துக்குப் புதுச் சிறகு முளைத்தது. மண் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. வேலப்பன் பக்கத்திலேயே பறக்க, தட்டுத்தடுமாறி அப்போது பழுத்திருந்த அடுத்த ஆலமரத்துக்குப் போனாள். இவ்வளவு நாள் காதால் மட்டும் கேட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். பறவைகள் நுனியில் தின்றன, குரங்குகள் நடுவில் தின்றன. அவள் வெகுநேரம் அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுக்குத் தேர்வு. மூன்று ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். ஆலமரத்து ஒப்பந்தம் காடெங்கும் பேசப்பட்டதால் எல்லாக் கேள்விகளும் அதைப் பற்றியே இருந்தன. அது பொருளாதாரத்தின் வெற்றி என்றார் மலையணில். அரசியலின் வெற்றி என்றார் கரிச்சான். காட்டெருது வாயை அசைத்துக்கொண்டே, "அந்த ஒப்பந்தம் நியாயமானதா?" என்று மட்டும் கேட்டார்.

"முழுசா இல்லீங்க ஐயா" என்றாள் சொர்ணம்.

கடைசிக் கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வேலப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் ஏன் தேர்வில் போய் இப்படிச் சொல்கிறாள் என்று பதறினான்.

"முன்னாடி பாதிப் பழம் கீழே விழும். அதைத் தின்னுதான் புதருக்குள்ள ஒளிஞ்சு வாழற சின்னச் சருகுமான்கள் பிழைச்சுது. இப்ப நாங்க மேலேயே பங்கு போட்டுத் தின்னுடறோம். கீழே ஒண்ணும் விழறதில்லை. நேத்து அங்க ஒரு சருகுமான் வெறும் சருகை முகர்ந்துக்கிட்டு நின்னுது. அவங்க சண்டைக்கு வரலை, அதனால அவங்க நினைப்பே எனக்கு வரலை. நான் பொந்துக்குள்ள இருந்தேன், பார்க்கலை. பார்க்காததையும் யோசிச்சிருக்கணும்."

மூன்று ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சருகுமான்களைப் பற்றி அவர்களும் நினைக்கவில்லை. மலையணில் மெல்ல, இதற்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். தினமும் உச்சிப் பொழுதில் ஒரு கிளையை உலுக்கிவிடும்படி குப்பாச்சியிடம் பேசப் போவதாகவும், தேர்வு முடிந்ததும் நேரே அங்கேதான் கிளம்புவதாகவும் சொர்ணம் சொன்னாள்.

"தேர்வு முடிஞ்சுது. கிளம்பும்மா" என்றார் காட்டெருது.

பட்டம் கிடைத்துவிட்டது என்பதே அவளுக்கு முதலில் புரியவில்லை. வேலப்பனுக்குப் புரிந்தது. அவன் வாய்விட்டு அழுதபடி அவளோடு பறந்தான். அன்று உச்சிப் பொழுதில் குப்பாச்சி கிளையை உலுக்க, சருகுமான்கள் ஒவ்வொன்றாகப் புதரிலிருந்து வெளியே வந்தன.

எது நியாயம், யார் முடிவு செய்கிறார்கள், இருப்பதை எப்படிப் பகிர்வது என்ற மூன்றையும் சேர்த்து யோசிக்கிறவரே, கேட்க வாயில்லாதவருக்கும் உரிய பங்கைக் கொடுக்க முடியும்.