சூடு ஏறாத வீடு

வெட்டுவான்குளத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதனாலேயே அந்த ஊரில் வாயைத் திறக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். இன்ஜினியர் பிச்சையாவுக்கு இது தெரியாது, பாவம்.

அந்த ஊரில் அய்யாத்துரை, சுடலைமுத்து, குத்தாலிங்கம் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். கொத்தனார் எதற்கு, நமக்குக் கை இல்லையா என்று தாங்களே வீடு கட்ட இறங்கினார்கள். பிச்சையா சொன்னபடி கட்டினால் ஃபேன் இல்லாமலே குளுகுளுவென்று இருக்குமாம், கரண்ட் பில்லே வராதாம். பிச்சையா கூடவே நின்று அதட்டியதால் சுவரும் கூரையும் ஒருவழியாக நேராக வந்துவிட்டன. மிச்சம் பூச்சும் சில்லறை வேலையும்தான்.

அந்த வீட்டுக்காக ஏங்கிக்கிடந்தவள் அய்யாத்துரையின் மனைவி பேச்சியம்மாள். கல்யாணமான நாளிலிருந்து தகரக் கொட்டகையில் வெந்தவள். தை முடிவதற்குள் புதுவீட்டில் பால் காய்ச்சாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பிவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

பிச்சையா வெளியூர் கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். வெயில் படுகிற இடமெல்லாம் வெள்ளை அடியுங்கள். சூடு நுழைகிற ஓட்டையெல்லாம் அடையுங்கள். உள்ளே கூட்டம் போடாதீர்கள், ஒவ்வொரு ஆளும் குண்டு பல்பு மாதிரி சூடு விடுவான். இவ்வளவையும் இவர்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார் மனுஷன்.

முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தார்கள். பிறகு கிணற்று மேடை, வைக்கோல் படப்பு, எருமையின் முதுகு. உச்சி வெயில் அய்யாத்துரையின் வழுக்கையில் பட்டது. சுடலைமுத்து பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு வந்தான். அண்ணன் வாகாகத் தலையைக் குனிந்து காட்டினார்.

அடுத்து ஓட்டை அடைக்கிற வேலை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வாசலில்தான் பெரிய யோசனை வந்தது.

"வாசல் ஓட்டையா, இல்லையாண்ணே?"

"அது வழியாச் சூடு வருமா?"

"நல்லா வருமே."

"அப்ப ஓட்டைதாம்லே."

அதையும் அடைத்தார்கள். உள்ளே குத்தாலிங்கம் பூசிக்கொண்டிருந்தான். கடைசிக் கல் வைத்ததும் உள்ளிருந்து அவன் குரல் கேட்டது: "அண்ணே, சூடே தெரியலை. ஆனா வேற எதுவும் தெரியலை." அண்ணன்மார் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள்தான் கடப்பாரையோடு வந்தாள். வாசலையும் ஜன்னலையும் இடித்துத் திறந்துவிட்டு, இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டதற்குத் தன் அப்பாவையும் சேர்த்து வைதாள்.

தையின் கடைசி முகூர்த்தம் வந்தது. சொந்தக்காரர்கள் கூடினார்கள். பேச்சியம்மாள் பால்சட்டியோடு வந்தாள், வெள்ளைத் தலையோடு அய்யாத்துரை வாசலை மறித்து நின்றார். ஆள் உள்ளே போனால் பல்பு எரியுமாம். தம்பிமார் ஆலோசனையில் இறங்கினார்கள்.

"பல்புன்னா அணைச்சிரலாம். ஆளுக்குச் சுவிட்ச் எங்க இருக்கு?"

"தூங்குனா அணைஞ்ச மாதிரிதான."

"குறட்டை விட்டா?"

"அது லேசா எரியிற பல்பு."

சொந்தக்காரர்களைத் தூங்கவைத்து உள்ளே தூக்கிப் போகலாம் என்று முடிவானது. தாய்மாமன் ஒருவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தும்விட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பேச்சியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வருஷம் வெந்ததெல்லாம் இந்த வாசலில் நிற்பதற்கா என்று பொருமினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் கையை நீட்டினாள்.

"என் கை எப்பவும் சில்லுன்னு இருக்குன்னு நீங்கதான சொல்லுவீக? தொட்டுப் பாருங்க."

அய்யாத்துரை தொட்டுப் பார்த்தார். "மெய்தாம்லே. இவ ஃபியூஸ் போன பல்பு."

அடுப்பு மட்டும் உள்ளே போகலாமா என்று குத்தாலிங்கம் கேட்டான். இன்ஜினியர் ஆளைத்தானே சொன்னார், அடுப்பைச் சொன்னாரா என்று பேச்சியம்மாள் மடக்கினாள். அய்யாத்துரை வாசலை விட்டு விலகினார். உள்ளே போய்ப் பால் பொங்கவிட்டாள். எல்லாருக்கும் ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டினாள். கதவை உள்தாழ் போட்டுக்கொண்டு குளிர்ந்த தரையில் காலை நீட்டிப் படுத்தாள்.

சித்திரையில் பிச்சையா வந்தார். அனல் பறக்கிற வெயில். அண்ணன் தம்பி மூவரும் வீட்டுக்கு வெளியே ஆளுக்கொரு பக்கமாக நின்று, பனையோலை விசிறியால் சுவருக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். பிச்சையா பைக்கை விட்டு இறங்கினார்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஃபேன் இல்லாத வீடுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார் அய்யாத்துரை, கை ஓயாமல். "அப்ப நாமதான வீசணும்?"

உள்ளேயிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது: "சாருக்கும் ஒரு விசிறி குடுங்க. மேக்கச் சுவருக்கு ஆள் இல்லை."