மூன்று ஞானிகளும் ஒழுகும் கூரையும்

"அம்மா, மூணு கடல் தாண்டி மூணு ஞானிகள்கிட்ட பாடம் கேட்டு வந்தவன் நான். என் பெண்டாட்டி பூதி துணிமணியை மூட்டை கட்டிட்டா. அண்ணன் வீட்டுக்குப் போறாளாம்."

மூச்சு வாங்கச் சொன்னான் சேந்தன். கொற்கைத் துறைமுகத்துக் கப்பல்களில் பன்னிரண்டு வருஷம் சுக்கான் பிடித்தவன், ஐம்பதைத் தாண்டியவன்.

எதிரே உளுந்து புடைத்துக்கொண்டிருந்த துறவி மாசாத்தி அவனைவிடப் பத்து வயது சிறியவள். அவளிடம் ஞானம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஏதாவது வேலையோடுதான் திரும்புவார்கள்.

"என்ன பாடம் கேட்டே?"

"யவன தேசத்தில், நம்ம கையில் இல்லாததுக்குக் கவலைப்படாதேன்னாங்க. சீன தேசத்தில், எதையும் எதிர்க்காதே, தண்ணி மாதிரி இருன்னாங்க. எகிப்தில், வாயை அடக்குன்னாங்க."

"மூணும் நல்ல பேச்சு. வீட்டில் என்ன நடந்தது?"

"கூரை ஒழுகுது, ஏறிப் பாருங்கன்னா பூதி. மழை நம்ம கையிலா இருக்குன்னேன்."

"சரி."

"மறுநாள் அடுப்பு நனைஞ்சுபோச்சு. தண்ணியைப் பாரு, எவ்வளவு பணிவா பள்ளம் தேடி வருதுன்னேன்."

முறம் நின்றது.

"அவ என்ன சொன்னா?"

"ஈர விறகைத் தூக்கி எறிஞ்சா."

"எங்கே?"

சேந்தன் நெற்றியைத் தடவிக்கொண்டான். அங்கே நன்றாக வீங்கியிருந்தது.

"அப்புறம்?"

"எகிப்துக்காரர் ஞாபகம் வந்தார். நாலு நாளா வாயே திறக்கலை."

மாசாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று சேந்தன் பயந்துபோனான்.

"மூணில் எது தப்பு, அம்மா? அதை மட்டும் விட்டுடுறேன்."

அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். ஒரு மூங்கில் ஏணியை இழுத்து வந்து அவன் தோளில் சாய்த்தாள்.

சேந்தன் கண்களை மூடினான். "புரியுது. படிப்படியா மேலே ஏறணும். ஆன்மாவானது..."

"பக்கத்து வீட்டு ஏணி. இருட்டுறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடணும்."

அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது பூதி மூட்டையோடு வாசலில் நின்றாள். அவன் ஏணியைச் சாத்தி ஏறினான். ஈர மண்ணில் ஏணி வழுக்கியது. பூதி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே, மட்கிய கீற்றை விலக்கினான். தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே உள்ளே பார்த்தான்.

நேர் கீழே, அடுப்பை ஒட்டி, பூதியின் பாய். ஊறி, உப்பி, கறுத்துப்போயிருந்தது.

ஓட்டையிலிருந்து தலையை எடுத்து, ஏணியடியில் நின்றவளைப் பார்த்தான்.

"பூதி."

"ம்."

"இத்தனை நாளும் எங்கே படுத்தே?"

ஏணியைப் பிடித்தபடியே அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு எத்தனை கடல்!"