தண்ணி முறை சொன்ன கீரி

ஏரிக்கரைக் காட்டுல ஒரு கீரி கம்ப்யூட்டர் படிச்சு முடிச்சுது. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை மட்டும் ஓணான் கடையில ரெடிமேடா வாங்குச்சு. காடே அங்கதான் வாங்கும். அட்டை கலர் மட்டும் மாறும்.

வேலை கிடைக்கலன்னா அண்ணனோட எலி புடிக்கப் போகணும்னு வீட்ல சொல்லிட்டாங்க. கீரி அந்த ப்ராஜெக்ட்டைத் தூக்கிட்டு கரடி கம்பெனி இன்டர்வியூக்குப் போச்சு.

"இந்த ப்ராஜெக்ட்ல பேருக்குப் பக்கத்துல ஊரும் வர்ற மாதிரி மாத்து, பாப்போம்"னு சொல்லுச்சு கரடி.

கீரி லேப்டாப்பைத் திறந்துச்சு. எந்த ஃபைலைத் திறக்கணும்னே தெரியல.

"அனுபவம் இல்ல. கிளம்பு!"

"வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்! அம்மா வயித்துலயே கோட் எழுதிட்டா பொறக்க முடியும்?"

"காலையில இருந்து இதே ப்ராஜெக்ட்டைத்தான் பாத்துட்டு இருக்கேன். கதவைச் சாத்திட்டுப் போ!"

அப்போ ஏரியில தண்ணி வத்திட்டு இருந்துச்சு. யாரு முதல்ல குடிக்கிறதுன்னு தினமும் அடிதடி. சும்மாதானே இருக்கோம்னு, கீரி ஒரு ஆப் எழுதுச்சு. யாருக்கு எப்போ முறைன்னு அது போன்ல சொல்லும்.

முதல் நாளே மானுக்கும் சிறுத்தைக்கும் ஒரே நேரத்தைக் குடுத்துருச்சு.

மான் தலைதெறிக்க ஓடி வந்துச்சு. "அறிவிருக்காடா உனக்கு? நான் பொழச்சது என் காலால!"

சிறுத்தையும் வந்துச்சு. "ஆப் நல்லாத்தானே இருக்கு தம்பி! எதுக்கு மாத்துற?"

ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கினா ரெண்டு பேருக்கும் ஒரே முறையைக் குடுத்துடுது. கீரி அதைத் தேடிக் கண்டுபிடிச்சு சரி பண்ணுச்சு. அடுத்து முயல், தன் முறையைக் காணோம்னு திட்டுச்சு. அதையும் சரி பண்ணுச்சு. திட்டு மட்டும் நிக்கவே இல்ல.

கரடி கம்பெனியில மறுபடி ஆள் எடுத்தாங்க. கீரி போய் உக்காந்துச்சு.

"இப்பவாவது அனுபவம் இருக்கா?"

கீரி பதில் சொல்றதுக்குள்ள எருமை கதவை முட்டிட்டு உள்ள வந்துச்சு. "டேய் கீரி! என் முறையைக் காணோம்டா! கன்னுக்குட்டி தாகத்துல கத்துது! இங்க என்ன வெட்டிப் பேச்சு?"

"சார், ஒரு நிமிஷம்!" கீரி அங்கயே லேப்டாப்பைத் திறந்துச்சு. தேடுச்சு. திருத்துச்சு.

எருமை போனைப் பாத்துச்சு. "ம்ம், வந்துருச்சு." நன்றிகூட சொல்லாம போயிடுச்சு.

கரடி திரையையே பாத்துட்டு இருந்துச்சு. "தப்பை எப்படி டக்குனு புடிச்ச?"

"அதே இடத்துக்காக முயல்கிட்ட ஏற்கனவே திட்டு வாங்கிருக்கேன் சார்."

"நாளைக்கே வேலைக்கு வந்துடு!"

அனுபவம் வேணும்னா, நாலு பேர் நம்பிப் பயன்படுத்துற ஒண்ணைச் சொந்தமா செய்யணும், அது கெட்டுப்போனா ஓடாம நின்னு சரி பண்ணணும்.