கடைசி வண்டிக்கு யார்?

கேளுங்கள், சொல்கிறேன். குழந்தைகளுக்குத்தானே கதை என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். உங்களை நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

கடலோரத்தில் உப்பு மலையாகக் குவிந்து கிடக்க, மலைமேல் கைப்பிடி உப்புக்கு ஆலாய்ப் பறந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சேந்தன் என்றோர் உப்பு வணிகன் இருந்தான். வண்டி வண்டியாக உப்பேற்றி, குடும்பத்தோடு காடு கடந்து மலையூர்ச் சந்தைக்குப் போகும் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். முன்வண்டி அவனுடையது. அதை இழுப்பது மயிலை என்ற எருதும் அதன் ஜோடியும். வண்டிக்குள் அவன் மனைவி வெண்ணி இருப்பாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யாரும் ‘பயம்’ என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அது வண்டியில் ஏறிக்கொண்டு கூடவே வருமாம். மீறிச் சொன்னவர், பயணம் முடியும்வரை கடைசி வண்டியை ஓட்ட வேண்டும். முன்னால் போகிற அத்தனை வண்டியின் புழுதியும் அவர் வாயில்தான்.

சரி, சொல்லை ஏற விடவில்லை. பயம் ஏறாமல் இருந்ததா? அது வேஷம் மாற்றிக்கொண்டு ஏறியது. காட்டில் புலி உறுமினால் மாட்டைத் திட்டுவார்கள். கள்வர் நடமாட்டம் தெரிந்தால் பக்கத்து வண்டிக்காரனைத் திட்டுவார்கள். வானம் கறுத்தால் மனைவியைப் பார்த்து, சோற்றில் உப்பில்லை என்பார்கள். உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு!

எல்லோரையும்விட அதிகமாகக் கத்துகிறவன் சேந்தன்தான். முன்பு அப்படி இல்லை. போன மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம் அவன் தம்பியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து இப்படி. அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலைவனாயிற்றே, அழலாமா? கத்தினான், அவ்வளவுதான். தலைவருக்கு முன்கோபம் என்று ஊரும் பேசிக்கொண்டது.

அதே ஆற்றுக்கு இந்த வருடமும் வந்து சேர்ந்தார்கள். அகலமான மணலாறு. தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. ஆனால் மேற்கே மலைமேல் மேகம் திரண்டு இடி இடித்துக்கொண்டிருந்தது. அங்கே பெய்கிற மழை இங்கே வெள்ளமாக வர அதிக நேரம் ஆகாது. அதற்குள் அக்கரை ஏறினால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் உப்பும் போகும், உயிரும் போகும்.

வண்டிகள் ஆற்றில் இறங்கின. பாதி ஆறு கடந்ததும் மயிலை நின்றுவிட்டது. முன்வண்டி நின்றால் பின்னால் வருகிறவை எல்லாம் நிற்கத்தானே வேண்டும்? பாரம் ஏற்றிய வண்டிகளை மணலில் திருப்பவும் முடியாது.

சேந்தன் முதலில் மாட்டின்மேல் பாய்ந்தான். “ஏய், நட! தின்ன தீவனமெல்லாம் எங்க போச்சு?” என்று சாட்டையை வீசினான். மயிலை முகத்தைத் திருப்பிக்கொண்டதே தவிர ஓரடி வைக்கவில்லை.

அடுத்து வண்டிக்காரர்கள்மேல் பாய்ந்தான். “வேடிக்கை பாக்கவா வந்தீங்க? இறங்கித் தள்ளுங்கடா!” அவர்கள் ஆளுக்காள் கத்திக்கொண்டு வந்து தள்ளினார்கள். அந்தக் கூச்சலில் மற்ற மாடுகளும் மிரண்டு நுகத்தில் திமிறின.

மூன்றாவதாக மனைவிமேல் பாய்ந்தான். “எல்லாம் உன்னாலதான்! காலையில சோறு வடிக்க அத்தனை நேரமா? நேரத்தோட கிளம்பியிருந்தா இந்நேரம் அக்கரையில இருந்திருப்போம்!”

வெண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு நாலு வார்த்தை அவளிடமும் தயாராக இருந்தது. ஆனால் அவள் கண் அவன் கையில் விழுந்தது. கயிறு பிடித்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபக்காரன் கை இறுகும், இது நடுங்குகிறதே என்று நினைத்தாள். வந்த வார்த்தைகளை விழுங்கினாள். இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

“உங்களுக்குக் கோபம் இல்லைங்க. பயம். தம்பி போனதுலேர்ந்து தண்ணியைக் கண்டாலே உங்களுக்குக் குரல் ஏறுது.”

வண்டிக்காரர்கள் தள்ளுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லக் கூடாத சொல்லை நடு ஆற்றில் சொல்லிவிட்டாளே!

“தெரியும், கடைசி வண்டிதானே? புழுதி தின்னுட்டு வரேன். ஆனா சொன்னது பொய்யான்னு நீங்களே சொல்லுங்க.”

சேந்தன் வாயைத் திறந்தான். கத்தத்தான் திறந்தான். கத்தல் வரவில்லை.

“ஆமா வெண்ணி,” என்றான். “பயமா இருக்கு. அவனைக் கொண்டுபோன மாதிரி உங்களையெல்லாம் கொண்டுபோயிடுமோன்னு ரொம்பப் பயமா இருக்கு.”

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவனுக்கு.

“எனக்கும் பயந்தான் அண்ணே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கும் பயம்” என்று மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தித்தன் என்ற வண்டிக்காரன் முன்னால் வந்தான். “அண்ணே, நேத்தே என் வண்டி அச்சு விரிசல் விட்டுடுச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு பயந்து சொல்லாம வந்துட்டேன்.”

நேற்றைய சேந்தனாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். இன்றைக்கு, “நல்ல வேளை, இப்பவாவது சொன்னியே” என்றான். தித்தன் வண்டியின் மூட்டைகளைப் பிரித்து மற்ற வண்டிகளில் போடச் சொன்னான்.

அப்புறம் மயிலையைப் பார்த்தான். அதன் கண் விரிந்திருந்தது, உடம்பு நடுங்கியது. “உனக்கு என்னடா பயம்?” என்று கேட்டுக்கொண்டே முன்னால் போய் ஒரு கம்பை மணலில் ஊன்றினான்.

கம்பு சரசரவென்று உள்ளே போனது. அவன் கையளவுதான் வெளியே மிச்சம். புதைமணல்!

சேந்தன் திரும்பி வண்டியைப் பார்த்தான். எந்த வெள்ளத்துக்குப் பயந்தானோ அதிலிருந்து தப்பிக்கப் போய், வெண்ணி உட்கார்ந்திருந்த வண்டியைத் தன் கையாலேயே இதற்குள் விரட்டப் பார்த்திருக்கிறான். மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“சீக்கிரம்! சுத்திப் போகணும். ஆமா, கடைசி வண்டிக்கு யாரு?” என்றாள் வெண்ணி.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும்தான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்களே! ஒருவர் சிரித்தார், பிறகு கூட்டமே சிரித்தது.

“நான் வரேன். மயிலை உன் பேச்சைக் கேக்கும், நீ முன்னால போ,” என்றான் சேந்தன்.

வெண்ணி கம்பை ஊன்றி ஊன்றி வழி பார்த்து நடந்தாள். மயிலை அவள் பின்னால் போனது. மயிலையின் பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கத்தல் இல்லை, சாட்டை இல்லை. கடைசி வண்டி கரையேறிக்கொண்டிருக்கும்போதே ஆறு இரைந்துகொண்டு வந்து சக்கரத்தை நனைத்தது. சேந்தன் ஒரே மூச்சில் வண்டியை மேலே ஏற்றிவிட்டான்.

ஒரு வண்டி குறையவில்லை. ஓர் ஆள் குறையவில்லை. உப்பில் ஈரம்கூடப் படவில்லை. பெண்கள் கும்பிட்டார்கள், ஆண்கள் மாடுகளைத் தட்டிக்கொடுத்தார்கள். சேந்தன் கரையில் உட்கார்ந்து, சுழித்து ஓடும் வெள்ளத்தைப் பார்த்து, தம்பிக்காக வாய்விட்டு அழுதான். வெண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும், “பசிக்குது. சோறு இருக்கா?” என்றான். அன்றைக்குச் சோற்றில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தின் வழக்கம் மாறியது. ஆறோ காடோ எதிர்ப்பட்டால், தலைவன் வண்டியை விட்டு இறங்கி, “யாருக்கு என்ன பயம்?” என்று கேட்பான். முதலில் தன் பயத்தைச் சொல்வான்.

ஆகவே, கேட்டவர்களே, தன் மனத்தில் இருப்பது கோபமா, பயமா, துக்கமா என்று அறிந்து அதை அதன் பெயராலேயே சொல்லத் தெரிந்தவர்தான் தன்னையும் தன்னை நம்பி வருபவர்களையும் கரை சேர்ப்பார்.